படகில் பாட்டு

அமெரிக்காவில் மின்னசோட்டா என்று ஒரு மாநிலம். ‘பத்தாயிரம் ஏரிகளின் நாடு’ என்று அதற்குச் செல்லப் பெயர். 1950-களின் தொடக்கத்தில் அங்கே பிறந்ததுதான் ‘பாண்டூன்’ படகு. நீண்ட உலோக உருளைகள். அவற்றின் மேல் சமதளம். சுற்றிலும் கம்பி அடைப்பு. நம் வீட்டுத் திண்ணையைப் பெயர்த்துத் தண்ணீரில் மிதக்க விட்டாற்போல் இருக்கும். கோடை வந்தால் புளியோதரையைக் கட்டிக்கொண்டு குழந்தை குட்டிகளோடு அதில் கிளம்பும் தமிழ்க் குடும்பங்களும் உண்டு.

அங்கே இருக்கும் உங்கள் பிள்ளை, “அம்மா, படகில் பெரிய ஸ்டீரியோ வைக்கப் போகிறேன்” என்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். “என்ன விலை?” என்று கேட்காதீர்கள். “பாட்டுக்குத் தனி பாட்டரி உண்டா?” என்று கேளுங்கள்!

அரிசிப் பானைக்குள் ஆபத்துக்கென்று நாம் கொஞ்சம் பணம் ஒளித்து வைப்பதில்லையா? காய்கறிக்காரனுக்கு அதிலிருந்து எடுத்துக் கொடுப்போமா? படகு எஞ்சினைக் கிளப்பும் பாட்டரியும் அப்படித்தான். பாட்டுக்காக அதைச் செலவழித்துவிட்டால், பொழுது சாயும் நேரத்தில் நடு ஏரியில் எஞ்சின் கிளம்பாது.

பாட்டரியிலும் இரண்டு ஜாதி உண்டு. எஞ்சினைக் கிளப்பும் பாட்டரியில் ஈயத் தகடுகள் மெல்லியவை. சில விநாடிகளுக்கு ஏராளமான சக்தியைக் கொட்டும். பாட்டுக்கு ஏற்றதில் தகடுகள் தடித்தவை. மணிக்கணக்கில் நிதானமாகக் கொடுக்கும். ஆகவே இரண்டு பாட்டரி, நடுவே பிரித்து வைக்க ஒரு சுவிட்சு, இதுதான் முறை.

எவ்வளவு பெரிய பாட்டரி வேண்டும்? மளிகைக் கணக்குப் போடும் நமக்கு இது பிரமாதமில்லை. ஸ்டீரியோ சராசரியாக 10 ஆம்பியர் இழுக்கிறது, 5 மணி நேரம் பாடுகிறது என்றால், செலவு 50 ஆம்பியர்-மணி. ஈய பாட்டரியைப் பாதிக்குமேல் காலி செய்தால் அதன் ஆயுள் குறையும். ஆகவே வாங்க வேண்டியது 100. புது லிதியம் பாட்டரி எடை குறைவு, பாதிக்குமேலும் செலவழிக்கலாம். ஆனால் விலை அதிகம். சார்ஜரும் அதற்கென்றே அமைந்ததாக இருக்க வேண்டும்.

செலவழித்ததைத் திரும்ப நிரப்புவது யார்? சிறிய எஞ்சின் ஓடும்போது கொடுப்பது போதாமல் போகலாம். கரைக்கு வந்ததும் இரவு முழுவதும் சார்ஜரில் போட்டுவிட வேண்டும்.

ஸ்டீரியோ பெரிதானால் கம்பியும் தடிக்க வேண்டும். மெல்லிய கம்பி சூடேறித் தீப்பிடிக்கலாம். பாட்டரியிலிருந்து சுமார் 18 சென்டிமீட்டருக்குள் ஒரு ப்யூஸ் அவசியம். ஈய பாட்டரி சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வாயு வரும், காற்றோட்டம் வேண்டும்.

மிக முக்கியமான ஒரு விஷயம். பாட்டரி தீர்ந்துவிடுமோ என்று சிலர் படகை நிறுத்திய இடத்திலேயே எஞ்சினை ஓடவிட்டுப் பாட்டுக் கேட்கிறார்கள். எஞ்சின் புகையில் கார்பன் மோனாக்ஸைடு என்ற விஷ வாயு இருக்கிறது. அதற்கு வாசனையும் இல்லை, நிறமும் இல்லை. படகின் பின்புறம் நீந்தும் குழந்தைகளை அது சத்தமில்லாமல் மயக்கிவிடும். சுழல்கிற விசிறியும் அங்கேதான் இருக்கிறது. தனி பாட்டரி இருந்தால் எஞ்சினை அணைத்துவிட்டே பாட்டுக் கேட்கலாமே!

“அம்மாவுக்கு பாட்டரியைப் பற்றி என்ன தெரியும்?” என்று பிள்ளை சிரிப்பான். சிரிக்கட்டும். அரிசிப் பானை ரகசியத்தைச் சொல்லிக் கொடுங்கள். மாலையில் வீடு திரும்பும்போது, எந்த சங்கீதத்தையும்விட எஞ்சின் கிளம்பும் சத்தம்தான் அவன் காதுக்கு இனிக்கும்!