கோர்வைக்கு ரெண்டு பேர் வேணும் பாஸ்!

மேல, மேல, கீழ, கீழ, இடது, வலது, இடது, வலது, பி, ஏ... இதைப் படிச்சதும் உங்க கட்டைவிரல் தானா துடிச்சா, நீங்க நம்ம கட்சி! துடிக்கலையா? வீட்டுல இருக்கற அண்ணன்கிட்ட கேளுங்க, முகத்துல ஒரு சிரிப்பு வரும் பாருங்க. 'காண்ட்ரா'வில் 3 உயிரை 30 உயிராக்கும் மந்திரம் அது. கொனாமி கம்பெனியின் கசுஹிசா ஹஷிமோடோ 1986-ல் 'கிரேடியஸ்' கேமுக்காக வைத்த குறுக்கு வழி. டெஸ்ட் பண்ணும்போது தன்னாலேயே அந்த கேமை முடிக்க முடியலைன்னு வச்சுக்கிட்டாராம் மனுஷன்!

இந்த வாரம் நம்ம கையில் சிக்கியிருப்பது காண்ட்ராவின் ரெண்டாம் பாகம். ஜப்பானில் 1990 பிப்ரவரியில் ஃபேமிகாம் செட்டுக்கு வந்தபோது பேர் 'சூப்பர் காண்ட்ரா'. அமெரிக்காவில் 'சூப்பர் சி'. ஐரோப்பாவில் ஹீரோக்களையே ரோபோவாக மாத்தி 'ப்ரோபோடெக்டர் 2' என்று விட்டார்கள். நம்ம ஊரில்? '9999999 இன் 1' ஸ்டிக்கர் ஒட்டின கேசட்தான். மெனுவில் 'காண்ட்ரா 2'ன்னு இருக்கும். ஆசையா அழுத்தினா, அதே பழைய காண்ட்ரா நடு ஸ்டேஜில் இருந்து ஆரம்பிக்கும். ஒரு தலைமுறையே ரெண்டாம் பாகம் ஆடிட்டதா நம்பி ஏமாந்திருக்கு மக்களே!

நிஜமான ரெண்டாம் பாகம் எனக்குக் கிடைச்சது காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில், பெரியப்பா வீட்டுப் பரணில். அண்ணன் பத்து வருஷத்துக்கு முன்னாடி எங்கேயோ தேடிப் பிடிச்ச 'சூப்பர் சி' கேசட். அண்ணனுக்கு இப்போ ஒரகடம் பக்கம் ஃபேக்டரியில் ஷிஃப்ட் வேலை. ஞாயித்துக்கிழமை லீவு. தூசி தட்டி செட்டை மாட்டினோம். கேசட்டை வாயால ஊதினோமா? சத்தியமா ஊதினோம். ஊதறதால பிரயோஜனம் இல்லை, எச்சில் ஈரத்தில் முனைதான் கெடும், எடுத்து மறுபடி சரியா சொருகறதுலதான் வேலை நடக்குதுன்னு தெரிஞ்சும் ஊதினோம். பழக்கம் பாஸ்!

கை சூடேற முதல்ல பழைய காண்ட்ரா. மூணாவது ஸ்டேஜ் அருவி. ஒருத்தன் வேகமா மேல தாவினா திரை மேலே நகரும், கீழே நிக்கறவன் அவுட். நான் குஷியில் தாவிக்கிட்டே போக, அண்ணன் நாலு தடவை செத்தான். திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த பெரியப்பா கடுப்பாயிட்டார்.

"இன்னாடா இது, கூட வர்றவன சாவடிச்சிட்டு மேல போறது ஒரு ஆட்டமா? கோர்வையில இப்படி அவசரப்பட்டா கரை தனியா வந்துரும்!"

காஞ்சிப் பட்டுச் சேலையில் உடல் ஒரு கலர், கரை வேற கலர். ரெண்டையும் ஊடை நூலால் பின்னிக் கோக்கறதுதான் கோர்வை. அதுக்கு மூணு நாடா ஓடணும், தறியில் ரெண்டு பேர் உட்காரணும். ஸ்கூல் விட்டு வந்ததும் பெரியப்பா பக்கத்தில் அந்த ரெண்டாவது ஆளா உட்கார்ந்தவன் அண்ணன்.

சரி, சூப்பர் சி-க்கு வருவோம். ஆர்கேடில் 5 ஸ்டேஜ் இருந்தது இங்கே 8 ஆகியிருக்கு. முதல் பாகத்தில் முதுகுக்குப் பின்னால் இருந்து பார்க்கிற மாதிரி ஓடுமே பேஸ் ஸ்டேஜ், அது காலி. பதிலா 2, 6-ம் ஸ்டேஜ்களில் மேலே இருந்து பார்க்கிற பார்வை. தரை சரிவா ஏறி இறங்குது. நெருப்புத் துப்பாக்கியை அமுக்கிப் பிடிச்சு விட்டா பெரிய குண்டா போகுது. முதல் பாகத்தில் யாரும் சீண்டாத துப்பாக்கி, இதில் ஹீரோ!

இன்ஜினீயரிங் படிக்கிறவன் ஒரு விஷயம் சொல்லாம போனா எப்படி? அந்த செட்டோட வேலை நினைவகம் வெறும் 2 கேபி. ஆள், குண்டு, எதிரி எல்லாம் தனித்தனி துண்டுப் படங்கள். ஒரு திரையில் மொத்தம் 64, ஒரே கிடைக்கோட்டில் 8 தான் காட்ட முடியும். 'எஸ்' துப்பாக்கி ஒரு தடவைக்கு 5 குண்டு விடும். ரெண்டு பேரும் எஸ் வச்சிருந்தா? ஒன்பதாவது துண்டு அந்தக் கோட்டில் காணாமப் போகும். அதனால எல்லாத்தையும் மாத்தி மாத்திக் காட்டுவாங்க. அதுதான் அந்த மினுக்மினுக். எதிரியோட குண்டும் கூட மினுக்கும். கண்ணுக்குத் தெரியாத குண்டில் நான் செத்தது மூணு தடவை!

முக்கியமான மாற்றம் மந்திரத்தில். சூப்பர் சி-யில் வலது, இடது, கீழ, மேல, ஏ, பி, ஸ்டார்ட். கிடைப்பது 30 இல்லை, 10 உயிர்தான். முதல்ல கோபம் வந்தது. அப்புறம்தான் புரிஞ்சது: 30 உயிர் இருக்கும்போது பக்கத்தில் இருக்கறவன் செத்தா நாம கவலையே படறதில்லை. 10-ல் கவலைப்படறோம். எஸ் வந்தா "நீ எடு, நீ எடு"ன்னு குரல் வருது. அந்த ஒரு காரணத்துக்காகவே ரெண்டாம் பாகத்துக்கு என் ஓட்டு.

ஆட்டத்தில் ஒண்ணு கவனிச்சேன். அண்ணன் ஒருதடவைகூட எனக்கு முன்னால போகலை. என் முதுகுக்கு வர்ற எதிரியை மட்டும் சுட்டுக்கிட்டே வந்தான். ஏன்டான்னு கேட்டேன். "அப்பா கை எங்க போகுதுன்னு பார்த்துத்தான் என் நாடாவை விடுவேன். அது அப்படியே வந்துருச்சு" என்றான். அவன் ஃபேக்டரிக்குப் போனதில் இருந்து பெரியப்பா கோர்வை போடறதில்லை. கூலி கம்மியான ஒத்தை ஆள் சேலைதான். ரெண்டு பேருமே அதைப் பத்திப் பேசினதில்லை. அன்னிக்கும் பேசலை.

6-ம் ஸ்டேஜில் கேம் ஓவர். தொடரலாம்னு திரை கேட்டது. ராத்திரி ஷிஃப்டுக்கு கம்பெனி பஸ் வர்ற நேரம். கன்ட்ரோலரை வயர் சுத்தி வச்சுட்டு அண்ணன் கிளம்பிட்டான்.

கிராஃபிக்ஸ்: 7/10. ஸ்டேஜ்கள்: 8/10. ரெண்டு பேர் ஆட்டம்: 10/10. தனியா ஆடினா: 6/10, அதுவே தாராளம்.

செட் இல்லாதவங்களுக்கு, 2019-ல் வந்த 'காண்ட்ரா ஆனிவர்சரி கலெக்‌ஷன்' தொகுப்பில் ரெண்டு பாகமும் இருக்கு. ஹாஸ்டலில் ஆடறதா இருந்தா ரூம்மேட்டையும் எழுப்புங்க. அருவி வந்தா, கீழே ஒருதரம் பார்த்துட்டுத் தாவுங்க!