கடிகாரம் வரையச் சொன்ன மருத்துவர்

"ஒரு ஸ்கேன் எடுத்துப் பார்த்துடலாமா டாக்டர்?" மனநல மருத்துவர்களிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி இது. கேட்பதில் தவறில்லை. மூளையை வண்ண வண்ணமாகக் காட்டும் செய்திகளைப் படித்தவர்கள் வேறு எதைக் கேட்பார்கள்? ஆனால் அந்தப் படங்கள் ஒரு கூட்டம் நோயாளிகளின் சராசரியை, நோயில்லாதவர்களின் சராசரியோடு ஒப்பிட்டவை. எதிரே உட்கார்ந்திருக்கும் ஒருவரின் படத்தைப் பார்த்து இது மனச்சோர்வு, இது மனச்சிதைவு என்று பிரித்துச் சொல்ல இன்றும் முடியாது. மருத்துவர் எம்.ஆர்.ஐ. எழுதித் தருவது பெரும்பாலும் கட்டியோ வீக்கமோ இருக்கிறதா என்று பார்க்கத்தான்.

அப்படியானால் ஆய்வுக்கூடத்திலிருந்து புறநோயாளிப் பிரிவுக்கு எதுவுமே வந்து சேரவில்லையா? வந்திருக்கிறது, ஸ்கேன் வழியாக அல்ல.

2007இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ஜோசெப் டால்மாவ் குழுவினர் ஒரு மூளை அழற்சியை விவரித்தார்கள். உடலின் எதிர்ப்பு சக்தியே, நினைவுக்கும் சிந்தனைக்கும் தேவையான என்.எம்.டி.ஏ. ஏற்பிகளைத் தாக்குகிறது. நோயாளிகளில் பெரும்பாலோர் இளம்பெண்கள். சிலருக்குச் சினைப்பையில் ஒரு கட்டி இருக்கும். அதற்குள் நரம்புத் திசு இருப்பதால் உடல் அதை எதிர்க்கத் தொடங்குகிறது, அந்த எதிர்ப்பு மூளையையும் விடுவதில்லை. தூக்கமின்மை, சந்தேகம், காதில் குரல்கள் என்று தொடங்குவதால் முதலில் மனநலப் பிரிவில்தான் சேர்ப்பார்கள். அதற்கும் முன்னால் பேய் ஓட்ட அழைத்துப் போன குடும்பங்களும் உண்டு.

2009இல் நியூயார்க் பத்திரிகையாளர் சூசன்னா கஹாலனுக்கு இந்த நோய்தான் வந்தது. எம்.ஆர்.ஐ.யில் எந்தக் குறையும் தெரியவில்லை. மருத்துவர் சூஹெல் நஜ்ஜார் ஒரு தாளைக் கொடுத்துக் கடிகாரம் வரையச் சொன்னார். எல்லா எண்களும் வலப்பக்கமே நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. மூளையின் வலப் பாதியில் அழற்சி என்று அவர் ஊகித்தது சரியாக இருந்தது. இந்த நோய்க்கு ஸ்டீராய்டு, இம்யூனோகுளோபுலின் போன்ற சிகிச்சைகள் உண்டு; கட்டி இருந்தால் அகற்ற வேண்டும். உரிய சிகிச்சை கிடைத்தால் பெரும்பாலானோர் மீள்கிறார்கள். கஹாலனும் வேலைக்குத் திரும்பி, தன் அனுபவத்தைப் புத்தகமாக எழுதினார்.

இதைப் படித்துவிட்டு, குரல் கேட்கிறது என்று வரும் எல்லோருக்கும் இந்த நோய்க்கான எதிர்ப்பொருள் பரிசோதனையை எழுதுவது இன்னொரு தவறு. மனச்சிதைவோடு வருபவர்களில் மிகச் சிலருக்கே இது இருக்கும். ரத்தத்தில் மட்டும் பார்த்தால், நோயே இல்லாதவருக்கும் 'பாசிட்டிவ்' வரலாம். முதுகில் நீர் எடுத்துப் பார்ப்பதே நம்பகமானது. யாருக்கு எடுப்பது என்பதுதான் கேள்வி. நேற்றுவரை நன்றாக இருந்தவர் சில நாள்களில் தடம் மாறினாரா, வலிப்பு வந்ததா, பேச்சு குறைந்துகொண்டே போகிறதா, மனநோய் மருந்து கொடுத்ததும் உடல் விறைத்ததா என்று பார்க்க வேண்டும். இவற்றை மருத்துவரைவிட முதலில் கவனிப்பவர்கள் கூடவே இருக்கும் அம்மாவும் இரவுப்பணி நர்ஸும். "நேத்துலேர்ந்து வாயைக் கோணிக்கிட்டே இருக்கா டாக்டர்" என்று அவர்கள் சொன்னால், நீர் எடுக்க அன்றைக்கே ஏற்பாடு செய்ய வேண்டும்.