ஒன்று குறைவாக! - 'லிமிடெட் எடிஷன்' கார்களின் எண்ணிக்கைக் கதை

349. இந்த எண் எங்கிருந்து வந்தது?

1995இல் ஃபெராரி எஃப்50 வந்தபோது மொத்தம் 349 கார்கள்தான் தயாரிக்கப்படும் என்று அறிவித்தார்கள். தொழிற்சாலையில் இடம் போதாதா? என்ஜின் வார்க்க ஆள் இல்லையா? அதெல்லாம் இல்லை. ஃபெராரி தரப்பு சொன்ன விளக்கம் ரொம்ப எளிமையானது. உலகத்தில் இந்தக் காரை வாங்க 350 பேர் இருப்பார்கள் என்று கணக்குப் போட்டார்கள். அதில் ஒன்றைக் குறைத்தார்கள். அவ்வளவுதான்!

இதைக் கேட்டு உலகம் முழுக்கக் கார்ப் பிரியர்கள் "ஆகா, என்ன ஒரு ராஜதந்திரம்" என்று சிலாகித்தார்கள், இன்றும் சிலாகிக்கிறார்கள். கொஞ்சம் நின்று யோசித்தால், தியேட்டரில் பத்து சீட்டைக் காலியாக வைத்துக்கொண்டு வாசலில் 'ஹவுஸ்ஃபுல்' போர்டு மாட்டுவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? தியேட்டர்காரர் செய்தால் மோசடி என்கிறோம். மாரனெல்லோவில் செய்தால் பாரம்பரியம் என்கிறோம்.

அடுத்த கதை இன்னும் சுவாரசியம். 2002இல் என்ஸோ வந்தது. அதே 349 என்றார்கள். பழைய வாடிக்கையாளர்களுக்கு, குறிப்பாக எஃப்40, எஃப்50 வைத்திருந்தவர்களுக்கு, அழைப்பு போனது. அத்தனையும் விற்றுத் தீர்ந்தது. "எங்களுக்கும் வேண்டும்" என்று இன்னும் பலர் கேட்டார்கள். உடனே 50 கூடி 399 ஆனது! கல்லில் செதுக்கியதாகச் சொன்ன எண் ரப்பர் மாதிரி நீண்டது. கடைசியாக 400வது கார் ஒன்றைச் செய்து போப் இரண்டாம் ஜான் பாலுக்குக் கொடுத்தார்கள். அது 2005இல் ஏலத்தில் பத்து லட்சம் டாலருக்கு மேல் போனது. அந்தப் பணம் 2004 டிசம்பர் சுனாமியில் பாதிக்கப்பட்டவர்களுக்கு என்று ஒதுக்கப்பட்டது. நல்ல காரியம், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் நல்ல காரியத்துக்காக ஒரு காரைக் கூடுதலாகச் செய்ய முடிந்தது என்றால், அதற்கு முந்தைய எல்லை தொழிற்சாலை போட்ட எல்லை அல்ல என்பதும் கூடவே தெரிந்துவிடுகிறது.

எண் உண்மையில் எப்படி வர வேண்டும்?

குறைந்த எண்ணிக்கை என்றாலே ஏமாற்று என்று சொல்லிவிட முடியாது. அதற்கு நியாயமான காரணங்கள் உண்டு.

சாதாரணக் காரின் உடற்பாகங்களை இரும்பு அச்சில் வைத்து அழுத்தி எடுக்கிறார்கள். அந்த அச்சு செய்யப் பெரும் செலவு. ஆனால் லட்சக்கணக்கில் தகடு அடிக்கலாம். சில நூறு கார்களுக்கு அது கட்டுப்படியாகாது. அதனால் கார்பன் ஃபைபரைக் கையால் அச்சில் படியவைத்து, பெரிய அழுத்த அடுப்பில் வேகவைத்து எடுக்கிறார்கள். அச்சுக்கு ஆயுள் குறைவு, ஒரு பாகத்துக்கு ஆகும் நேரமும் அதிகம். ஒரு நாளைக்கு இத்தனைதான் முடியும் என்பது அங்கே நிஜமான எல்லை.

அடுத்தது செலவுக் கணக்கு. மோதல் சோதனைக்கு நொறுக்கும் கார்கள், புகைச் சோதனை, என்ஜின் வடிவமைப்பு எல்லாம் 50 கார் செய்தாலும் செலவு, 5000 செய்தாலும் செலவு. ஒரு பேச்சுக்கு 500 கோடி ரூபாய் செலவு என்று வைத்துக்கொள்வோம். 500 கார் என்றால் ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு கோடி. 250 என்றால் இரண்டு கோடி. இந்தக் கணக்கில் பார்த்தால் நிறுவனத்துக்குக் காரை *அதிகமாக* செய்யத்தான் ஆசை வர வேண்டும். குறைக்க ஆசை வருகிறது என்றால் கணக்கில் வேறு ஏதோ ஒரு வரி சேர்ந்திருக்கிறது என்று அர்த்தம்.

நேர்மையான எண்ணுக்கு லெக்ஸஸ் எல்எஃப்ஏ ஓர் உதாரணம். பாதி வேலை நடந்த பிறகு அலுமினிய உடலை விட்டுவிட்டு கார்பன் ஃபைபருக்கு மாறினார்கள். அதை நெய்யும் இயந்திரத்தையே டொயோட்டா தானாக உருவாக்கியது. மோட்டோமாச்சி ஆலையில் தனியாக ஒரு கூடம். மாதம் சுமார் 20 கார். 2010 டிசம்பரில் தொடங்கி 2012 டிசம்பரில் 500வது காரோடு முடித்தார்கள். இந்த எண்ணில் வேலை தெரிகிறது. அமெரிக்காவில் வாங்கிய மறுநாளே லாபத்துக்கு விற்பவர்களைத் தடுக்க, ஆரம்பத்தில் இரண்டு வருட வாடகை ஒப்பந்தத்தில்தான் கொடுத்தார்கள். வேடிக்கை என்னவென்றால், தயாரிப்பு முடிந்து ஐந்து வருடம் கழித்து, 2017இலும் சில எல்எஃப்ஏக்கள் அமெரிக்க டீலர்களிடம் விற்காமல் கிடந்தன.

போர்ஷே 917 இன்னொரு உதாரணம். பந்தய விதி 25 கார் வேண்டும் என்றது. முதலில் சில கார்களையும் மீதிக்கு உதிரிபாகங்களையும் காட்டியபோது அதிகாரிகள் ஒப்புக்கொள்ளவில்லை. 1969 ஏப்ரலில் அலுவலக ஊழியர்கள் வரை கை கொடுத்து, 25 காரையும் வரிசையாக நிறுத்திக் காட்டினார்கள். அந்த 25 வெளியிலிருந்து வந்த விதி. விளம்பரத் துறை உட்கார்ந்து யோசித்த எண் இல்லை.

வரிசையில் நிற்பதற்கும் கட்டணம்

இப்போது அந்த வேறு வரிக்கு வருவோம். லிமிடெட் காரின் உண்மையான வருமானம் அந்தக் காரில் மட்டும் இல்லை. அதற்காகக் காத்திருக்கும் வரிசையில் இருக்கிறது.

பணம் இருந்தால் மட்டும் இந்தக் கார்கள் கிடைக்காது. 'நல்ல வாடிக்கையாளர்' என்று பெயர் எடுக்க வேண்டும். அதற்கு முன்னால் சாதாரண மாடல்களை ஒன்றன்பின் ஒன்றாக வாங்கியிருக்க வேண்டும். ஆக 500 பேருக்குக் கிடைக்கும் ஒரு கார், கிடைக்காத ஆயிரக்கணக்கானவர்களை வேறு கார் வாங்க வைக்கிறது. கோயிலில் மூலவரைப் பார்க்க வந்தவனை உபசன்னதி ஒவ்வொன்றிலும் தட்டில் காசு போடவைப்பது போல!

ஃபெராரி 2015இல் நியூயார்க் பங்குச் சந்தைக்கு வந்தபோது, குறைவாகத் தயாரிப்பதே தன் வியாபார உத்தி என்று முதலீட்டாளர்களுக்குக் கொடுத்த ஆவணத்திலேயே எழுதிவைத்தது. அதே நிறுவனம் 2013 வாக்கில் ஆண்டுக்கு 7,000 காருக்குள் நிறுத்துவோம் என்றது. 2019இல் 10,000ஐத் தாண்டியது. 2024இல் 13,752 கார் அனுப்பியது. அதாவது 'அபூர்வம்' என்ற பெயரைச் சில நூறு கார்கள் காப்பாற்றுகின்றன. அந்தப் பெயரை வைத்து மற்றவை இரு மடங்காக விற்கின்றன.

'லா ஃபெராரி' 499 என்றார்கள். பிறகு நிலநடுக்க நிவாரணத்துக்கு 500வது. பிறகு கூரையைத் திறக்கும்படி செய்து 'அபெர்ட்டா' என்று பெயர் வைத்து இன்னொரு 209. அதற்கும் பிறகு தர்ம ஏலத்துக்கு ஒன்று. ஒவ்வொரு முறையும் எண் 'உறுதி'!

ஃபோர்டு ஜிடி கதையும் இதே ரகம். 2016இல் 500 காருக்கு 6,506 பேர் முழு விண்ணப்பம் போட்டார்கள். கார் வாங்க விண்ணப்பம்! இரண்டு வருடம் விற்கக் கூடாது என்று ஒப்பந்தம் வேறு. அதை மீறி விற்றதாக மல்யுத்த வீரர் ஜான் சீனா மீது 2017இல் வழக்கே போட்டார்கள், பிறகு சமரசம் ஆனது. அந்த 500 என்ன ஆனது? முதலில் 1,000 ஆனது, பிறகு 1,350 ஆனது.

"நிறுவனங்களும் நஷ்டப்படுகின்றனவே?"

எதிர்த்தரப்பின் வலுவான வாதம் இதுதான். ஜாகுவார் எக்ஸ்ஜே220 ஞாபகம் இருக்கிறதா? 1988 பர்மிங்ஹாம் கண்காட்சியில் பன்னிரண்டு சிலிண்டர், நான்கு சக்கர இயக்கம் என்று காட்டினார்கள். ஆளுக்கு 50,000 பவுண்டு முன்பணத்தோடு கூட்டம் முண்டியது. 1992இல் வந்தது ஆறு சிலிண்டர் டர்போ, பின்சக்கர இயக்கம். அதற்குள் பொருளாதாரமும் படுத்துவிட்டது. முன்பணம் கட்டியவர்கள் பின்வாங்க, விவகாரம் நீதிமன்றம் போனது. 350 வரை திட்டமிட்டவர்கள் 300ஐக்கூடத் தொடவில்லை. மெக்லாரன் எஃப்1 300 என்று திட்டமிட்டு 106இல் நின்றது. போர்ஷே கரேரா ஜிடி 1,500 என்று தொடங்கி 1,270 சொச்சத்தில் முடிந்தது.

ஆக, அதிகமாகச் செய்துவிட்டு முழிப்பது நிஜமான ஆபத்து. முன்கூட்டியே ஆர்டர் வாங்கிக்கொண்டு அதற்கேற்பச் செய்வது புத்திசாலித்தனம். அதில் யாருக்கும் சண்டை இல்லை. ஆனால் ஆர்டர் புத்தகத்தைப் பார்த்து அந்த அளவுக்குச் செய்வது வேறு, வேண்டுமென்றே அதற்குக் கீழே செய்வது வேறு. முன்னது திட்டமிடல். பின்னது பதுக்கல். அரிசி மண்டியில் இதைச் செய்பவருக்கு என்ன பெயர் என்று எல்லோருக்கும் தெரியும்.

பதுக்கலை உடைக்க முடியும் என்றும் ஒரு நிறுவனமே காட்டியிருக்கிறது. 2016இல் போர்ஷே 911 ஆர், 991 கார் மட்டும், கையால் கியர் மாற்றும் வண்டி. கைமாறும் விலை பல மடங்கு ஏறியது. 2017இல் அதே போர்ஷே, எண்ணிக்கை வரம்பு இல்லாத 911 ஜிடி3யிலும் கை கியரைக் கொடுத்தது. பின்னால் இறக்கை இல்லாத 'டூரிங்' வடிவமும் வந்தது. 911 ஆரின் விலை இறங்கியது. ஓட்ட ஆசைப்பட்டவனுக்குக் கார் கிடைத்தது, பதுக்கியவனுக்கு வயிறு எரிந்தது. யார் அழுதார்கள், யார் சிரித்தார்கள் என்பதிலேயே விடை இருக்கிறது.

முடிந்த எண்ணும் முடிவதில்லை

எல்லாவற்றுக்கும் சிகரம் ஜாகுவார். 1960களில் 18 இலகு எடை இ-டைப்களுக்கு எண் ஒதுக்கி 12 மட்டும் செய்திருந்தார்கள். மிச்சம் ஆறு எண்ணை 2014இல் எடுத்து ஆறு புதுக் கார் செய்தார்கள். 1957 தீ விபத்தில் போன ஒன்பது எக்ஸ்கேஎஸ்எஸ்களும் 2016 அறிவிப்பில் மறுபிறவி எடுத்தன. 2018இல் டி-டைப் இன்னும் 25. 'தீர்ந்துவிட்டது' என்ற சொல்லுக்கு ஆயுள் அறுபது வருடம்தான் போல.

"பணக்காரன் பொம்மை, நமக்கென்ன?"

செருப்பிலிருந்து செல்போன் வரை 'லிமிடெட்' என்ற ஒட்டு பரவியிருக்கிறது. பாடம் படித்த இடம் இந்தக் கார்கள்தான். இன்னொரு நஷ்டமும் உண்டு. ஒரு என்ஜினை 9,000 சுற்றுக்கு மேல் சுற்றவைக்கப் பொறியாளர்கள் வருடக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். அந்த என்ஜின் குளிரூட்டிய அறையில் உறைபோட்டுத் தூங்குகிறது. ஓடினால் விலை குறையுமாம்! ஓடுவதற்காகவே பிறந்த ஒரு பொருளை, ஓடாமல் இருப்பதில் மதிப்பு என்று ஆக்கியது இந்த எண் விளையாட்டுதான்.

தீர்வு பெரிய புரட்சி ஒன்றும் இல்லை. எண்ணை அறிவிக்கும்போது காரணத்தையும் அறிவிக்கட்டும்: அச்சின் ஆயுளா, மாதாந்திரத் திறனா, பந்தய விதியா? பிறகு எண்ணைக் கூட்டினால், பழைய எண்ணை நம்பி வாங்கியவருக்குப் பணத்தைத் திருப்பிக் கேட்கும் உரிமை இருக்கட்டும். ஒரு கார் வாங்க மூன்று கார் வாங்கச் சொல்லும் வழக்கம் ஒழியட்டும்.

அதுவரை கண்ணாடிப் பெட்டிக்குள் '349இல் ஒன்று' என்ற தகடு மின்னும்போது, அந்த 350வது ஆளையும் நினைத்துக்கொள்வது நல்லது. அவனுக்குக் கார் கிடைக்காமல் போனது விபத்தல்ல. அவனை வரிசையில் நிறுத்திவைத்ததுதான் திட்டம்.