லயன் படிகளில் தடைப்படும் உரிமை

மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாப்பதற்கு நம் நாட்டில் சட்டங்களுக்குப் பஞ்சமில்லை. 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் அவ்வுரிமைகளுக்கு வடிவம் தந்தது. பொதுக் கட்டடங்களும் பொது இடங்களும் பொதுச் சேவை வழங்கும் இடங்களும் அனைவரும் அணுகக்கூடியவையாக அமைய வேண்டும் என 2006ஆம் ஆண்டின் ஒழுங்குவிதிகள் பணித்தன. ஐக்கிய நாடுகள் சபையின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சமவாயத்தை இலங்கை 2016 பெப்ரவரியில் ஏற்று உறுதிப்படுத்தியது. ஆயினும் இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் பெருந்தோட்டங்களுக்குள் இச்சட்டங்களின் பயன் இன்னும் போய்ச் சேரவில்லை என்பதை மறுப்பதற்கில்லை.

சட்டம் இருந்தும் செயல் இல்லாத இந்த இடைவெளியை எதிர்த்துப் போராடியவர் காலஞ்சென்ற கலாநிதி அஜித் பெரேரா. இரசாயனவியலாளரும் கிரிக்கெட் நடுவருமான அவர், 1992ஆம் ஆண்டில் ஓடிக்கொண்டிருந்த காரின் மீது மரம் விழுந்ததால் சக்கர நாற்காலியில் முடக்கப்பட்டார். அவர் நிறுவிய 'இதிரிய' என்ற இலாப நோக்கற்ற அமைப்பு, அனுதாபத்தைக் கேட்கவில்லை. கட்டடத்தின் வரைபடத்தைக் கேள்விக்குட்படுத்தியது. அவர் தாக்கல் செய்த அடிப்படை உரிமை மனுவில், புதிய பொதுக் கட்டடங்கள் ஒழுங்குவிதிகளுக்கு அமைய வேண்டும் என்றும், மீறும் திட்டங்களுக்கு அங்கீகாரம் வழங்கக் கூடாது என்றும் உயர் நீதிமன்றம் 2011 ஏப்ரல் 27ஆம் திகதி உத்தரவிட்டது. 2020இல் அவர் மறைந்தபோதும், அவர் விட்டுச்சென்ற பாடம் தெளிவானது: சாய்தளமும் அகலமான வாசலும் பயன்படுத்தத்தக்க கழிவறையும் திட்டமிடும் வேளையிலேயே சேர்க்கப்பட்டால் செலவு சிறிது, கட்டி முடித்தபின் இடித்துத் திருத்துவதே பெருஞ்செலவு.

இப்பாடம் தெரணியகலை, எட்டியாந்தோட்டை, பலாங்கொடை, இறக்குவானை போன்ற பகுதிகளின் தோட்டங்களுக்கே மிகவும் பொருந்தும். சரிவான நிலத்தில் அமைந்த லயன் அறைகள், மண்ணில் வெட்டிய படிகள், வீட்டுக்கு வெளியே கழிவறை, தொலைவிலுள்ள பிரதான வீதி ஆகியவற்றுக்கிடையே சக்கர நாற்காலி கிடைத்தாலும் அது ஓடுவதற்குப் பாதையில்லை. 2025ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டம் மாதாந்த உதவித்தொகையை 7,500 ரூபாயிலிருந்து 10,000 ரூபாயாக உயர்த்தியது வரவேற்கத்தக்கதே. ஆனால் அதற்கான அலுவல்களுக்காகப் பிரதேச செயலகம் வரை ஒருவரைத் தூக்கிச் செல்ல நேரிடுமாயின், கூலி நாளொன்றும் வாகனச் செலவும் அக்குடும்பத்தின் தலையிலேயே விழுகின்றன.

இது வசதி பற்றிய பிரச்சினை மட்டுமன்று. உயிர் பற்றிய பிரச்சினையும் ஆகும். 2016 மே மாதத்தில் அரநாயக்கவிலும் புலத்கொஹுபிட்டியவின் களுபஹன தோட்டத்திலும் மண்சரிவு உயிர்களைப் பலிகொண்டது. அடுத்த ஆண்டு மே மாதம் இரத்தினபுரி மாவட்டம் வெள்ளத்தாலும் மண்சரிவாலும் பேரிழப்பைச் சந்தித்தது. வெளியேறுமாறு நள்ளிரவில் விடுக்கப்படும் எச்சரிக்கை, காது கேளாதவருக்கு எவ்வாறு எட்டும்? நடக்க இயலாதவரை வழுக்கும் படிகளில் யார் இறக்குவார்?

பொறுப்பு யாருடையது என்ற கேள்விக்குத் தோட்ட நிர்வாகமும் உள்ளூராட்சி மன்றமும் நீண்டகாலமாக ஒன்றையொன்று சுட்டிக்காட்டி வந்தன. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபை நிதியைச் செலவிடத் தடையாக இருந்தது. 2018ஆம் ஆண்டின் திருத்தம் அத்தடையை நீக்கியது. 2025 மே மாதத் தேர்தலின் பின்னர் சபைகளில் மீண்டும் மக்கள் பிரதிநிதிகள் அமர்ந்துள்ளனர். எனவே 'அது தோட்டத்துக்குரிய காணி' என்ற பதில் இனியும் ஏற்கத்தக்கதன்று.

செய்யவேண்டியவை பெரும் நிதி கோருபவை அல்ல. ஒவ்வொரு தோட்டத்திலும் யார் யாருக்கு எவ்வகை உதவி தேவை என்ற பதிவேட்டைக் கிராம உத்தியோகத்தரும் சமூக சேவை உத்தியோகத்தரும் தமிழிலும் பேண வேண்டும். இடர்காலத்தில் அவர்களை முதலில் வெளியேற்றும் பொறுப்பு, பெயர் குறித்து ஒப்படைக்கப்பட வேண்டும். தோட்ட மருந்தகம், பாடசாலை, வாக்களிப்பு நிலையம் ஆகியவற்றில் சாய்தளமும் கைப்பிடியும் அமைக்கப்பட வேண்டும். கோவில்களும் பள்ளிவாசல்களும் இவ்விடயத்தில் அரசைக் காத்திராமல் முன்மாதிரி காட்டலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, 2017ஆம் ஆண்டில் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் அறிவித்த 10,000 வீடுகள் உட்பட, மலையகத்தில் எழும் வீடுகளின் வரைபடத்திலேயே அணுகல் வசதி இடம்பெற வேண்டும்.

லயனிலிருந்து தனி வீட்டுக்கு மாறும் தலைமுறை இது. புதிய வீட்டின் வாசலிலும் பழைய படிகளையே கட்டிவைத்தால், அத்தவறைத் திருத்த இன்னொரு தலைமுறை காத்திருக்க நேரிடும். சப்ரகமுவவின் மக்கள் பிரதிநிதிகளும் தொழிற்சங்கங்களும் இதனை இப்போதே கவனத்திற் கொள்ள வேண்டும்.