விதையும் நிலமும்

ஆண் விதை, பெண் நிலம் என்று நம் நாட்டில் வெகுகாலமாகச் சொல்லி வருகிறார்கள். மனுதர்ம சாஸ்திரத்தின் 9-வது அத்தியாயம் இதை எழுதி வைத்ததோடு, இரண்டில் விதையே மேலானதென்று தீர்ப்பும் கூறுகின்றது. இந்தப் பைத்தியம் நம் பண்டிதர்களுக்கு மாத்திரம் பிடித்ததல்ல. கிரேக்க தேசத்து அரிஸ்டாட்டில், பிள்ளைக்கு உருவைக் கொடுப்பவன் ஆண், வெறும் பொருளைக் கொடுப்பவள் பெண் என்றார். 1694-ல் ஹார்ட்சோக்கர் என்பவர், விந்தணுவின் தலைக்குள் ஒரு குட்டி மனிதன் குந்தியிருக்கக்கூடுமென்று படமே போட்டுவிட்டார்.

உண்மை யாது? 1827-ல் பேயர் என்பவர் நாயின் கருமுட்டையைக் கண்டுபிடித்தார். 1876-ல் ஹெர்ட்விக் என்பவர், கடலில் வாழும் ஒரு முட்பிராணியின் முட்டைக்குள் தாயின் உட்கருவும் தகப்பனின் உட்கருவும் ஒன்றாய்ச் சேருவதைக் கண்ணால் பார்த்தார். மனிதப் பிள்ளைக்குத் தாய் 23 குரோமோசோம்களையும், தகப்பன் 23 குரோமோசோம்களையும் கொடுக்கிறார்கள். ஆகவே நிலம் என்று தள்ளப்பட்டவளும் சரிபாதி விதைக்காரியே யாவாள்.

"அப்படியானால் முட்டை பெரிதாகவும் விந்தணு சிறிதாகவும் இருப்பானேன்? இது பகவான் ஏற்பாடல்லவா?" என்று சிலர் கேட்கலாம். மனிதக் கருமுட்டையின் குறுக்களவு சுமார் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பாகம். விந்தணுவின் தலையோ அதில் ஏறக்குறைய இருபதில் ஒரு பாகமே. ஆனால் முட்டை மாதம் ஒன்று. விந்தணுக்களோ ஒரே தடவையில் பல கோடி.

இந்தப் பேதம் ஆதியிலேயே இருந்ததல்ல. கிளாமிடோமோனஸ் என்னும் ஓரணுப் பாசியின் ஒரு வகையில், கூடுகின்ற இரண்டு அணுக்களும் ஒரே அளவுதான். அங்கே ஆணுமில்லை, பெண்ணுமில்லை. அதற்கு உறவான, பல அணுக்கள் சேர்ந்த வால்வாக்ஸ் என்னும் பாசியிலோ பெரிய முட்டையும் சிறிய விந்தணுவும் வந்துவிட்டன.

எப்படி வந்தன என்பதற்கு 1972-ல் பார்க்கர், பேக்கர், ஸ்மித் என்ற மூவர் ஒரு கணக்குச் சொன்னார்கள். ஒரு பிடி மாவை நூறு உருண்டையாகவும் உருட்டலாம், நாலு உருண்டையாகவும் உருட்டலாம். சிறியவை ஏராளமாயிருப்பதால் ஜோடியை எளிதில் சந்திக்கும். ஆனால் சிறியது இரண்டு கூடினால் கருவுக்கு ஆகாரம் போதாது. பெரியவற்றில் ஆகாரம் உண்டு; எண்ணிக்கை குறைவு. நடுத்தரத்துக்கோ இரண்டு லாபமும் முழுதாயில்லை. ஆகவே தலைமுறை தலைமுறையாக நடுத்தரம் தேய்ந்து, இரண்டு கோடிகளே நிலைத்தன. இதில் பகவானுக்கு வேலை என்ன?

இனி, "முட்டையே பெரிது, ஆகவே பெண்ணே உயர்ந்தவள்" என்றோ, "ஆகாரம் கட்டிக் கொடுப்பது முட்டையாதலால் அடுப்பங்கரையே பெண்ணுக்கு இடம்" என்றோ சிலர் கிளம்பக்கூடும். இரண்டும் புரட்டேயாகும். அணுவின் பருமனைக் கொண்டு மனிதரின் உரிமையை அளப்பது, செருப்பின் அளவைக் கொண்டு புத்தியை அளப்பதற்குச் சமானம்.

ஆண் பிள்ளை பிறந்தால் விதையின் பெருமை, பெண் பிள்ளை பிறந்தால் நிலத்தின் குற்றம் என்று சொல்லி, மருமகளை வதைக்கும் வீடுகள் இன்றும் உண்டு. பிறப்பது ஆணா பெண்ணா என்பது, முட்டையைச் சேருகின்ற விந்தணு எக்ஸ் குரோமோசோமைக் கொண்டு வந்ததா, ஒய் குரோமோசோமைக் கொண்டு வந்ததா என்பதைப் பொறுத்தது. அது தகப்பனிடமிருந்து வருவது. அவனும் தெரிந்து அனுப்புவதல்ல. அப்படியிருக்க, அவளை அடிப்பதற்கு எந்தச் சாஸ்திரம் சாட்சி என்று கேட்கின்றோம்.