மெதுவாக ஓடும் நாள்கள்

அரை மாரத்தான் எனப்படும் 21.0975 கிலோமீட்டர் ஓட்டத்தில் தம் நேரத்தைக் குறைக்க விரும்பும் தொழில்முறை சாராத ஓட்டக்காரர்கள் பெரும்பாலும் செய்யும் பிழை, பயிற்சி நாள் ஒவ்வொன்றிலும் போட்டி வேகத்தை நெருங்கி ஓடிக் களைத்துப்போவதே ஆகும். தடையின்றிப் பேசிக்கொண்டே ஓடக்கூடிய மிதவேக ஓட்டமே இதயத்தையும் தசைநாண்களையும் படிப்படியாக உறுதிப்படுத்துவதால், வாரத்தின் பெரும்பகுதி அதற்கே உரியது. அதனுடன் ஒரு நீண்ட ஓட்டமும், ஏறத்தாழ ஒரு மணி நேரம் தாக்குப்பிடிக்கத்தக்க வேகத்தில் சிறிது நேரம் ஓடும் ‘டெம்போ’ ஓட்டமும் சேர்ந்தால் போதுமானது. தருமபுரி மாவட்டத்தில் பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கல்லை நோக்கி இறங்கும் மலைச்சாலை ஓட்டக்காரரை எளிதில் ஏமாற்றக்கூடியது. சாதனையாக ஏற்கப்படும் சாலை ஓட்டத்தில், தொடக்கத்திலிருந்து முடிவுவரையிலான மொத்த இறக்கம் சராசரியாகக் கிலோமீட்டருக்கு 1 மீட்டரை மிஞ்சக்கூடாது என்பது உலகத் தடகள அமைப்பின் விதியாதலால், அத்தகைய சரிவில் பெற்ற நேரத்தை முன்னேற்றத்தின் அளவுகோலாகக் கொள்ள இயலாது; மேலும், இறங்கும்போது தொடைத் தசைகள் நீண்டவாறே விசையைத் தாங்குவதால் அவற்றில் நுண்காயங்கள் மிகுகின்றன. அதே சாலையில் மேல்நோக்கி ஓடுவது அதிர்வு குறைந்த, மிகச் சிறந்த வலுப்பயிற்சியாகும், எனினும் யானைகள் நடமாடும் அக்காட்டுவழியில் விடியுமுன் ஓடுவது எவ்வகையிலும் தகாது. சாலை விபத்தில் முழங்காலில் காயமுற்ற பின்னரும் நூற்றுக்கும் மேற்பட்ட அரை மாரத்தான்களை நிறைவுசெய்த மா. சுப்பிரமணியன் மக்கள் நல்வாழ்வுத் துறை அமைச்சராக இருந்தபோது, மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதை அமைக்கும் திட்டம் 2023 நவம்பரில் தொடங்கப்பட்டது. தருமபுரி ஓட்டக்காரர்கள் தம் மிதவேக நாள்களை அத்தகைய பாதையில் கழிப்பதே நன்று.