தென்கோடிக் குறிப்புகள் - 9: கேம்பர்வேனும் ஐயாயிரம் டாலர் அட்வான்ஸும்

மக்களே, நவம்பர்ல பரீட்சை முடிஞ்சா போதும், டுனீடின்ல பாதிப் பசங்களுக்கு கேம்பர்வேன் ஜுரம் வந்துடும். ராத்திரி ஒம்பது மணி வரைக்கும் வெளிச்சம் இருக்கு, தெற்குத் தீவைச் சுத்தணும், ஹோட்டலுக்குக் காசு இல்லை. படுக்கை, அடுப்பு, குட்டி சிங்க் எல்லாம் உள்ளேயே இருக்கிற வண்டியை நாலு பேர் பிரிச்சு எடுத்தா தலைக்குக் கம்மிதானே? கம்மிதான். நானும் ரெண்டு தடவை போயிருக்கேன். ஆனா புக் பண்றவங்க நாள் வாடகையை மட்டும் பார்த்து சந்தோஷப்படுறாங்க. பக்கத்துல பொடி எழுத்துல இருக்கிறதுதான் இந்த வாரப் பதிவு.

வாடகையிலேயே ஒரு அடிப்படை இன்சூரன்ஸ் அடக்கம்னு போட்டிருப்பாங்க. பொய் இல்லை. ஆனா அதோட எக்செஸ்னு ஒரு ஐட்டமும் ஒட்டிக்கிட்டே வரும். வண்டிக்கு என்ன சேதம் ஆனாலும் முதல் இத்தனை டாலர் உங்களுது, அதுக்கு மேல போனாத்தான் கம்பெனி. கேம்பர்வேனுக்கு இது சாதாரணமா 5,000 டாலர், சில இடத்துல 7,500. அதுவும் ஒவ்வொரு சம்பவத்துக்கும் தனித்தனி. திங்கக்கிழமை கண்ணாடி, வியாழக்கிழமை பம்பர்னா ரெண்டு எக்செஸ்.

"தப்பு எதிராளி மேலன்னா?" அப்பவும் பெரும்பாலான கம்பெனிங்க முதல்ல உங்க கார்டுலதான் கை வைப்பாங்க. எதிராளிகிட்ட வசூல் ஆனா திருப்பித் தருவாங்க. இதுல ஒரு சிக்கல். நம்ம ஊர் மாதிரி மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் நியூசிலாந்துல கட்டாயம் கிடையாது. இடிச்ச புண்ணியவானுக்கு இன்சூரன்ஸே இல்லாம இருக்கலாம். அப்புறம் வசூல் எங்கேர்ந்து வரும்?

இந்த எக்செஸ் தொகையைத்தான் வண்டி எடுக்கும்போதே பாண்டா கேப்பாங்க. சென்னையில வீட்டு அட்வான்ஸ் கொடுப்போமே, அதே கதை. சில கம்பெனிங்க கார்டுல அந்தத் தொகையைப் பிடிச்சு மட்டும் வெப்பாங்க. சிலர் நிஜமாவே எடுத்துட்டு, வண்டி திரும்பினதும் போடுவாங்க. எது உங்க கம்பெனி வழக்கம்னு கட்டாயம் கேளுங்க. பிடிச்சு வெச்சா லிமிட் மட்டும் முடங்கும். மாணவர் கார்டுக்கு 5,000 லிமிட் எங்க இருக்குங்கிறது வேற விஷயம் :-)

நிஜமா எடுத்தா, அதுவும் அப்பாவோட இந்திய கார்டுன்னா, தனிக் கூத்து. டாலர் 50 ரூபாய்னு வெச்சா 2.5 லட்சம் போகும். திரும்பி வர்றது வேற தேதியில வேற ரேட்டுல. நடுவுல பேங்க் வெளிநாட்டுச் செலவுக்குன்னு எடுத்த 3 சதவீதம் சொச்சம் பெரும்பாலும் திரும்பாது. வண்டியில ஒரு கீறல்கூட இல்லாமலேயே ஏழாயிரம் ரூபாய்க்கு மேல காலி. டெபிட் கார்டை பாண்டுக்குப் பல இடத்துல வாங்கவே மாட்டாங்க. 25 வயசுக்குக் கீழேன்னா சில கம்பெனிங்க தொகையை இன்னும் ஏத்துவாங்க.

இதைக் குறைக்கத்தான் கவுன்ட்டர்ல சிரிச்ச முகத்தோட "நாளைக்கு இத்தனை டாலர் சேர்த்துக் கொடுங்க, எக்செஸ் கிட்டத்தட்ட ஜீரோ"ன்னு சொல்றது. உதாரணத்துக்கு நாளைக்கு 40 டாலர்னு வெச்சுப்போம். ஏழு நாளைக்கு 280, நாலு பேருக்குத் தலைக்கு 70. வெளியில தனியா எக்செஸ் இன்சூரன்ஸ் விக்கிற கம்பெனிங்க இதைவிட மலிவு. ஆனா அங்க பாண்ட் குறையாது. முதல்ல வேன் கம்பெனிக்கு முழுசா அழுதுட்டு, பில்லை எல்லாம் அனுப்பி அப்புறம் வாங்கணும். 5,000 டாலரை ரெண்டு மாசம் வெளியில விட்டுட்டு சாப்பிட முடியும்னா அது நல்ல வழி. வாடகை கட்டவே சூப்பர்மார்க்கெட்ல ராத்திரி ஷிஃப்ட் போற நம்மள மாதிரி ஆளுங்களுக்கு அந்த 70 டாலர்தான் சரின்னு என் கட்சி. மாணவர் இன்சூரன்ஸ் சிலதுல வாடகை வண்டி எக்செஸுக்குன்னு ஒரு தொகை இருக்கும். கேம்பர்வேனையும் அதுல சேர்ப்பாங்களான்னு ஒரு மெயில் தட்டிக் கேட்டு வெச்சுக்கோங்க.

ஜீரோன்னு சொன்னாலும் முழு ஜீரோ இல்லைங்க. கூரையில அடி, வண்டியோட அடிவயித்துல அடி, ஓடைத் தண்ணிக்குள்ள இறக்கினது, தப்பான எரிபொருள் ஊத்தினது, சாவி தொலைச்சது - பல ஒப்பந்தங்கள்ல இதெல்லாம் கணக்குலயே வராது. வண்டி உயரம் மூணு மீட்டர் பக்கம் இருக்கும். கார் ஞாபகத்துல பார்க்கிங்குக்குள்ள நுழைஞ்சா மேல இருக்கிற கம்பி கூரையைச் சீவிடும். குயின்ஸ்டவுன் பக்கத்துல ஸ்கிப்பர்ஸ் ரோடுன்னு பள்ளத்தாக்கை ஒட்டி ஒரு மண் பாதை. வடக்குத் தீவுல நைன்டி மைல் பீச். ரெண்டு இடமும் வாடகை வண்டிக்குத் தடை, போனா இன்சூரன்ஸ் செல்லாது. அதே மாதிரி ஒப்பந்தத்துல பேர் இல்லாத ஆள் ஓட்டினா கதை கந்தல். "மச்சி, தூக்கம் வருது, நீ கொஞ்ச நேரம் ஓட்டு"ன்னு சாவியைக் கொடுக்கிறதுக்கு முன்னாடி பேர் இருக்கான்னு பாருங்க.

இப்ப எனக்கு முக்கியமான விஷயம். பாண்ட் ஒருத்தன் கார்டுலதான் இருக்கும். ஓட்டுறது மூணு பேர். எனக்குத் தெரிஞ்ச ஒரு செட்டு போன வருஷம் கேம்ப் சைட்ல ரிவர்ஸ் எடுக்கும்போது கம்பத்துல இடிச்சிருக்காங்க. 1,800 டாலர். ஓட்டினவன், "பின்னாடி நின்னு 'வா வா'ன்னு சொன்னது நீதானே"ங்கிறான். பின்னாடி நின்னவன், "நான் ஓட்டவே இல்லையே"ங்கிறான். மூணாவது ஆள் தூங்கிட்டிருந்தானாம். கார்டு கொடுத்தது நாலாவது ஆள். அவன் இன்னும் தவணையில கட்டிக்கிட்டிருக்கான். ஒரே வீட்ல இருந்தவங்க, இப்ப நாலு பேரும் நாலு வீடு. கிளம்புறதுக்கு முன்னாடியே க்ரூப்ல ஒரு வரி எழுதி எல்லாரும் 'ஓகே' போடுங்க: யார் ஓட்டினாலும் சேதம் சரிபங்கு, குடிச்சிட்டு ஓட்டினா மட்டும் அவன் தலையில. மத்தவன் ஓட்டினதாலதான் நீங்க பின்னாடி உக்காந்து ஏரி பார்த்தீங்க, அதனால சரிபங்குதான் நியாயம்.

ஆளுக்கு அடிபட்டா? அதுக்கு ஏ.சி.சி. இருக்கு. 1974-ல இருந்து இருக்கிற அரசுத் திட்டம். தப்பு யார் மேலன்னு பார்க்காம விபத்துக் காயத்துக்கு வைத்தியச் செலவுல கைகொடுக்கும், டூரிஸ்ட்டா வந்தவங்களுக்கும் உண்டு. காய்ச்சல் மாதிரி நோய்க்கும், ஊருக்குத் திரும்புற டிக்கெட்டுக்கும் வராது. வண்டிக்கும் வராது.

சாவி வாங்கின உடனே கூரை, சக்கரம், கண்ணாடி, உள்ள இருக்கிற மெத்தை வரைக்கும் ஒரு வீடியோ எடுத்துடுங்க. திருப்பிக் கொடுக்கும்போது டாய்லெட் டப்பாவை டம்ப் ஸ்டேஷன்ல காலி பண்ணிட்டுக் கொடுங்க, இல்லைன்னா க்ளீனிங்னு பாண்ட்ல கழிப்பாங்க. டீசல் வண்டின்னா கிலோமீட்டர் கணக்குல சாலை வரி தனி. டோல், ஃபைன் எல்லாம் சில வாரம் கழிச்சுக்கூட அதே கார்டுக்கு வரும், கூடவே கம்பெனியோட கையாளும் கட்டணமும்.

டிஸ்கி: ஆர்தர்ஸ் பாஸ்ல வண்டியை நிறுத்திட்டு டீ குடிக்கப் போறவங்க கவனத்துக்கு. அங்க கியான்னு ஒரு பச்சைக் கிளி இருக்கு. கண்ணாடியைச் சுத்தி இருக்கிற ரப்பரை உரிச்சு எடுக்கிறதுன்னா அதுக்கு அல்வா சாப்பிடுற மாதிரி. போட்டோ எடுக்கிற சந்தோஷத்துல வண்டியை மறந்துடாதீங்க.